பார்த்தாச்சு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நாக்குக்குத்தான் குறை. மலையேற்ற நிலையத்துச் சமையல்காரர் இன்னும் உப்புப் போடக் கற்றுக்கொள்ளவில்லை. அத்தானுக்கு முதுகுவலி தேவலையா, வாண்டு கணக்குப் பரீட்சையில் தேறினாளா, உன் தையல் கூடத்துப் புது மேற்பார்வைக்காரம்மா இப்போதாவது சிரிக்கிறாரா என்றெல்லாம் விவரமாக எழுது.

ஒரு காரியமாகத்தான் இந்தக் கடிதம். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. இனிமேல் காலை நேரத்தில் விரியன்கள் பாதையோரம் வந்து சூட்டுக்குப் படுத்துக்கொள்ளும். மலையேற வருகிறவர்களோ செருப்பும் அரைக்கால் சட்டையுமாக, கடைத்தெருவுக்கு வந்தது போல வந்து இறங்குகிறார்கள். நிலையத் தலைவரிடம் மன்றாடி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மூடுகிற கித்தான் உறை இருபது ஜோடி தைக்க அனுமதி வாங்கிவிட்டேன். "எங்க அக்கா தைச்சா பல்லு என்ன, ஆணிகூட இறங்காது" என்று வாய்விட்டுவிட்டேன். என் மானம் உன் ஊசியில் இருக்கிறது. அளவுகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பதிலை வியாழக்கிழமைக்குள் வந்துசேரும்படி போடு. அன்றைக்கு வருகிற ஜீப்தான் எங்களுக்கு மளிகை, தபால், செய்தி எல்லாம். தொலைபேசிக்கு இந்தக் காட்டில் பேப்பர் வெயிட் வேலைதான்.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்தேன். போன செவ்வாய்க்கிழமை எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழிகாட்டி என்பதால் நான்தான் முன்னால். திடீரென்று பின்னாலிருந்து ஒரு அம்மா, "சார், நீங்க தாண்டிப் போனீங்களே, அது குச்சிதானே?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் பாதையின் இடது ஓரத்தில், நான் கால் வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, விரியன் சுருண்டு கிடக்கிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்கு முன்னால் வேறு யாரும் பாம்பைப் பார்த்ததே கிடையாது. நான் தாண்டிய பிறகு ஊர்ந்து வந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் இப்போதுதான் ஊர்ந்து வந்த பாம்பு அத்தனை சாவகாசமாகச் சுருண்டு கிடக்காது. ஒன்றும் புரியவில்லை, போகட்டும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் இருக்கிறோம். அத்தான் முதுகுவலியோடு இருக்கிறார், வாண்டு கணக்கில் நாற்பத்திரண்டு மார்க்கோடு இருக்கிறாள், நான் உன் கித்தானோடு இருக்கிறேன். கித்தானா அது, தார்ப்பாயா? ஊசி உடைந்தது ஆறு. மேற்பார்வைக்காரம்மா ஒவ்வொரு ஊசிக்கும் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். சிரிப்பதைப் பற்றிக் கேட்டாயே, அவருக்குச் சிரிப்பு வந்தால் கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள்.

பன்னிரண்டு ஜோடி முடிந்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது ஜோடியில் வலது ஓரம் தைக்காமல் விட்டிருக்கிறேன் என்று மேற்பார்வைக்காரம்மா கண்டுபிடித்துப் பிரித்துத் தைக்கச் சொன்னார். எனக்கென்னவோ தைத்த ஞாபகம். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். மேசையில் பக்கத்திலேயே இருக்கிற கத்தரிக்கோலைக் காணோம் என்று கூடம் முழுக்கத் தேடுகிறேன். பொத்தான் டப்பாவை முழங்கையால் தட்டிவிட்டேன், இரண்டு தடவை. அந்தி சாய்ந்தால் வீட்டு மாடிப்படி குழப்புகிறது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? போய்க் காட்டிட்டு வா" என்று மேற்பார்வைக்காரம்மா அரைநாள் விடுப்பு கொடுத்திருக்கிறார். அந்த மகராசி விடுப்புக் கொடுத்ததால்தான் எனக்கே பயமாக இருக்கிறது. மார்ச் பன்னிரண்டு கண் மருத்துவரிடம் போகிறேன்.

உன் விரியனைப் பற்றிப் படித்ததும் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. நீ அதை வேடிக்கை என்று எழுதுகிறாய். அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "வேலைக்குப் போறவன் பார்த்துத்தான் போவான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மீதி எட்டு ஜோடி அடுத்த மாதம்.

வேளைக்குச் சாப்பிடு. உறைகளோடு உப்பும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், ரகசியமாகப் போட்டுக்கொள்.

உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உறைகள் வந்து சேர்ந்தன. நிலையத் தலைவர் ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் மூன்று சுற்று நடந்தார். கழற்ற அவருக்கு மனமில்லை. உப்பும் கிடைத்தது, சமையல்காரருக்குத் தெரியாது. சமையல் முன்னேறிவிட்டதாகத் தலைவர் அவரைப் பாராட்டினார்.

உனக்கு வேலை ஓடவில்லை என்று எழுதியதால், இங்கே எப்படி நடக்கிறோம் என்று எழுதுகிறேன், தைரியமாக இரு. பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை அக்கா. நாம்தான் அதன் மேல் போய் விழுகிறோம். ஆகவே முதல் விதி, வரிசை. நான் முன்னால், மற்றவர்கள் என் கால்தடத்தில். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொள்ளக் கூடாது. விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே எட்டில் தாண்டக் கூடாது, அதன் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். கண் போகாத பொந்துக்கும் பாறை இடுக்குக்கும் கையும் போகக் கூடாது. காலையில் காலணியைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பாம்பைப் பார்த்தால் நின்று, பின்வாங்கி, சுற்றிப் போக வேண்டும். படம் பிடிக்கவோ கல்லெறியவோ நிற்கிறவனைத்தான் அது கடிக்கும். அதையும் மீறிக் கடித்துவிட்டால் ஓடாமல், கிழிக்காமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை அசைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, இது எங்கள் நிலையத்தில் மட்டும். இளைப்பாற நிற்கும் இடத்தில் வழிகாட்டி போய்க் குச்சியால் தட்டி, சுற்றிப் பார்த்து, "பார்த்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் யாரும் உட்காரலாம். காலே ஒடிந்தாலும் அதுவரை நிற்க வேண்டும். மந்திரியாக இருந்தாலும் சரிதான். நான் சொல்லும் வரை அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கண் மருத்துவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது. கண்ணாடி போட்டால் நீ மேற்பார்வைக்காரம்மா மாதிரி ஆகிவிடுவாய் என்றுதான் எனக்குக் கவலை.

அன்புத் தம்பி

மார்ச் 15
(இது அப்போது அனுப்பப்படவில்லை. தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருந்தது.)

அன்புள்ள தம்பி,

நீ அமைதியாக உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும்.

மருத்துவர் முதலில் பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி, எறும்பு மாதிரி இருந்தது, அதையும் படித்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொல்லி ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரங்களில் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் ஒன்பது தடவை அமுக்கினேன். "தூங்கிட்டீங்களாம்மா?" என்று இயந்திரத்தை இயக்கிய பெண் கேட்டாள். நான் தூங்கவில்லை. வெளிச்சம் வந்தால்தானே அமுக்க.

என் கண்ணின் திரை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டு வருகிறதாம். நடுவில் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியாதாம். பலகையைப் படிக்க வைத்தால் பிடிபடாதாம். மெல்ல மெல்ல நடுவுக்கு வரும், மருந்து கிடையாது. பிறகு அவர், "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? உடனே வந்து பார்க்கச் சொல்லுங்க. குடும்பத்தில் பாதிப் பேருக்கு வரும்" என்றார்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். தம்ளரைத் தட்டிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாரே. வாசல் நிலையில் இடித்துக்கொள்வாரே. நாற்பது வயதில் சைக்கிளை விற்றாரே. நாம் இரண்டு பேரும் அவர் மாதிரி நடந்து காட்டிச் சிரிப்போமே. அவருக்குக் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

தம்பி, அந்த விரியன் ஊர்ந்து வரவில்லை. அங்கேயேதான் கிடந்திருக்கிறது. நீ ஓரத்தில் இருப்பதைப் பார்ப்பதில்லை. நீ முன்னால் நடக்கக் கூடாது. யாரையும் உட்காரச் சொல்லக் கூடாது.

எழுதிவிட்டேன். ஆனால் இதைத் தபாலில் போட்டால் உன் வேலை போய்விடும். பதினோரு வருஷம் தற்காலிகமாகவே இருந்து இந்த வருஷம்தான் நிரந்தரம் என்கிறார்கள். உனக்கு இல்லாமலும் இருக்கலாம், பாதிப் பேருக்குத்தானே. அத்தானிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. வாண்டு பந்து பிடிக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். பிடித்தால் உயிர் வருகிறது, விட்டால் போகிறது. உனக்குச் சொன்னால் அவளுக்கும் சொல்ல வேண்டும். எனக்கு எதை முதலில் செய்வதென்றே

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். கண் மருத்துவரிடம் போனேன். வயசாகிறது, சோர்வு என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

சும்மா கேட்கிறேன், நீ நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாயா? சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுகிறாயா? சாயங்காலம் பாதை தடுமாறுகிறதா? பட்டணத்தில் ஒரு கண் மருத்துவர் இருக்கிறார், இயந்திரம் வைத்துப் பார்க்கிறார், நல்ல கைராசிக்காரர். ஒரு வாரம் விடுப்புப் போட்டு வந்து காட்டேன். நீ வந்து போய் இரண்டு வருஷம் ஆகிறது, அதற்காகத்தான்.

மீதி எட்டு ஜோடி உறை இத்துடன் இருக்கிறது.

உன் அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகவும் நிலைகுலைந்தும் இருக்கிறேன். நலத்துக்குக் காரணம் நல்ல செய்தி, நிலைகுலைவுக்குக் காரணம் உன் கடிதம். தோள் இடிக்கிறதா, தம்ளர் விழுகிறதா என்று நீ கேட்டிருப்பதைப் படித்துவிட்டு என் அறையின் வாசல் நிலையையே கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றேன். இடிக்காத மனிதன் யார்? இங்கே நிலைகளெல்லாம் ஒல்லிப்பிச்சான்களுக்குக் கட்டியவை. தலையும் வாலும் புரியவில்லை அக்கா. நீ வேறு எதையோ கேட்க நினைத்து இதைக் கேட்கிறாய்.

நல்ல செய்தியைக் கேள். தலைமை வழிகாட்டியாக என்னை நிரந்தரம் செய்கிறார்கள். போன வாரம் உடல் தகுதிக்கு மருத்துவர் வந்தார். எடை, மூச்சு, நாடி, கண். பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "கழுகுக் கண்ணு" என்று அவரே என் முதுகில் தட்டினார். ஆகவே உன் கைராசிக்காரரை நீயே வைத்துக்கொள்.

ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். திரும்பவும் ஒரு பாம்பு, திரும்பவும் ஓரத்தில். இந்தத் தடவை என் பின்னால் வந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அது இல்லாத இடத்தில் திடீரென்று இருந்தது, வேறு எப்படிச் சொல்வது? மற்றவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. பயம் வந்துவிட்டதோ, பயத்தில் கண் மழுங்குமோ என்று யோசிக்கிறேன். கழுகுக் கண்ணை வைத்துக்கொண்டு பாம்பைப் பார்க்காதவன் என்ன வகை? இப்போது மெதுவாக நடக்கிறேன். தலைவர், "என்னப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கேலி செய்கிறார்.

உடனே பதில் எழுது. நிரந்தரம் என்றதும் அத்தான் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புத் தம்பி

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே தலைக்கு மேல் வேலை. அனைவரும் சுகம்.

நிரந்தரம் என்று கேட்டதும் அத்தான் முதுகுவலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். வாண்டு தன் தோழிகளிடமெல்லாம் மாமா தலைமை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். கடைசி வரி வரைக்கும் படித்தாய் என்று நீ எழுதியதை நான் நாலைந்து முறை படித்தேன். மருத்துவரே தட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும். இருக்கத்தானே வேண்டும்.

தலைமை வழிகாட்டி என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலையும் இருக்குமே. மேசை, பதிவேடு, அந்த மாதிரி. கேட்டு வாங்கிக்கொள்ளேன். இனிமேல் முன்னால் நடக்க இளசுகளை விடு. விடுப்பில் வந்தால் அந்தக் கண் மருத்துவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மெதுவாக நடப்பது நல்லதுதான். மாப்பிள்ளை ஊர்வலமாகவே நட.

உன் அக்கா

மே 22

அக்கா,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் நீ சுகம் என்றுதான் எழுதுவாய்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. பதினோரு வருஷம் நடந்து வாங்கிய வேலையில், வாங்கிய மறுநாளே உட்காரச் சொல்கிறாய். கண், கண், கண் என்று கடிதத்துக்கு ஒரு தடவை எழுதுகிறாய், காரணம் கேட்டால் மென்று முழுங்குகிறாய். அத்தானோடு சண்டையா? வேலையில் ஏதாவதா? உன் எழுத்துகூட இப்போது தாளின் நடுவிலேயே குவிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் வெற்றிடமாக. நீ இப்படி எழுதுகிறவள் இல்லை. என்ன நடக்கிறது அங்கே?

கோபத்தில் எழுதிவிட்டேன், கிழிக்க மனமில்லை. ஜூன் ஒன்பதாம் தேதி பள்ளி ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். தலைமை வழிகாட்டியாக என் முதல் குழு. அவர்களை அனுப்பிவிட்டு விடுப்புப் போட்டு வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன் எழுத ஏதாவது இருந்தால் எழுது. இன்னும் இரண்டு வியாழக்கிழமை இருக்கிறது.

தம்பி

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வியாழக்கிழமையும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. எனக்கும் எழுத வேறு ஆள் இல்லை.

ஆசிரியர்கள் வந்தார்கள். எல்லோர் காலிலும் உன் உறை. வரிசையாக, பேச்சில்லாமல், என் தடத்திலேயே நடந்தார்கள். இத்தனை ஒழுங்கான குழுவை நான் பார்த்ததில்லை. பாதி ஏற்றத்தில் விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரம் உண்டு, எப்போதும் அங்கேதான் இளைப்பாறுவோம். நான் முன்னால் போய்க் குச்சியால் மூன்று தடவை தட்டினேன். மேலே, கீழே, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாம் பார்த்தேன். பார்த்தேன் அக்கா, சத்தியமாகப் பார்த்தேன். "பார்த்தாச்சு, உட்காருங்க" என்றேன்.

ஓவிய ஆசிரியை ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மரத்தின் வேர்ப்பக்கம் போய் இடது கையை ஊன்றி உட்காரப் போனார். ஊன்றிய கையில் கடித்துவிட்டது. அது பொந்தில் இல்லை. இலைக்கு அடியில் இல்லை. வெளியேதான் கிடந்தது. கடித்த பிறகும் அது நகரவில்லை, அதனால் எல்லோரும் பார்த்தார்கள்.

மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினேன். கையில் குச்சி வைத்து அசையாமல் கட்டினேன். ஒருவர் சவரக் கத்தியை எடுத்தார், பிடுங்கித் தூர எறிந்தேன். இரண்டு கழி, ஒரு போர்வை, மூன்றரை மணி நேரம் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வழியெல்லாம் அந்த அம்மா கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை, "நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்டார். "பார்த்தேம்மா" என்றேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு விரல் போய்விடும் என்கிறார்கள், இடது கை.

நிலையத்தில் விசாரித்தார்கள். "அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டுத்தான் சொன்னார், நாங்க சாட்சி" என்று ஆசிரியர்களே சொன்னார்கள். தலைவர், "நேரம் சரியில்லை, விடு" என்று தோளில் கை வைத்தார். ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. யாராவது திட்டினால் நான் செய்தது என்ன தப்பு என்றாவது தெரியும். நான் பார்த்தேன், அது அங்கே இல்லை. அவர்கள் பார்த்தார்கள், அது அங்கே இருந்தது. இதில் எது உண்மை? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? நீ படித்தவள் இல்லை, மருத்துவர் இல்லை, இருந்தாலும் உன்னைக் கேட்கிறேன். என்ன செய்வதென்று சொல்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

இத்துடன் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவர் எனக்குக் கொடுத்த அறிக்கை. இன்னொன்று, மார்ச் பதினைந்தாம் தேதி நான் உனக்கு எழுதிய கடிதம். பாதியில் நின்றிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இருப்பதே போதும்.

உனக்குப் பைத்தியம் இல்லை. நீ பொய்யும் சொல்லவில்லை. உன் கண்ணில் அது விழவில்லை. எனக்குத் தெரியும். பிப்ரவரி மாதக் கடிதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், மார்ச்சில் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நீ கடைசி வரி படித்தேன் என்று எழுதியபோது நானும் கடைசி வரி படித்தவள்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. மறந்தது போல இருந்துகொண்டேன். உன் வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்காக.

அந்த அம்மா எந்த மருத்துவமனையில் இருக்கிறார்? நான் போக வேண்டுமா, போகக் கூடாதா, எனக்குத் தெரியவில்லை.

நேற்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் மாடிப்படி ஓரத்தில் வெள்ளை வர்ணம் பூசினார்.

அக்கா

ஜூலை 18

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் கவர் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் பதில் எழுதியிருந்தால் நீ படிக்கக் கூடாத சொற்கள் இருந்திருக்கும். இரண்டாவது வாரம் உனக்குப் பாவம் பார்த்து எழுதத் தோன்றியது. மூன்றாவது வாரம் இரண்டும் கலந்துபோய்விட்டது, அதனால் எழுதவே வரவில்லை. இப்போதும் உன் மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உன் அறிக்கையில் தேதி மார்ச் பன்னிரண்டு. அந்த அம்மாவுக்குக் கடித்தது ஜூன் ஒன்பது. நடுவில் எண்பத்தொன்பது நாள். நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன், இரண்டு தடவை, குறையவில்லை.

நீ மட்டும் மறைத்தாய் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. தகுதிப் படிவத்தில் 'மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். அந்தி சாய்ந்தால் நான் அறையை விட்டு வெளியே போவதில்லை, இரண்டு வருஷமாக. களைப்பு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

உன் கைராசிக்காரரிடம் போகவில்லை, இங்கே பக்கத்து நகரத்தில் இன்னொருவரிடம் போனேன். அதே இயந்திரம். பொத்தானைப் பதினான்கு தடவை அமுக்கினேன். உன்னைவிட ஐந்து அதிகம், சின்னவன் என்பதால் இருக்கும்.

அங்கிருந்து நேராக அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இடது கையில் மூன்று விரல். வலது கையால் எதையோ வரைந்துகொண்டிருந்தார். அறிக்கையை மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். "அப்ப உங்களுக்கே தெரியாதா?" என்றார். "தெரியாதும்மா. தெரிஞ்சிருக்க வேண்டியது" என்றேன். "வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லத் திட்டமிட்டுப் போகவில்லை, வாயில் வந்துவிட்டது. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. இப்போது அந்தப் பொய்யும் என்னிடம் இருக்கிறது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீ அந்த அம்மாவைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டும். நீயே போய் நீயே சொல். நான் கூட வருகிறேன்.

தலைமை வழிகாட்டி உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலைவர் என்னைக் கிடங்கில் போட்டிருக்கிறார். கயிறு, கூடாரம், உன் கித்தான் உறைகள். 'பார்த்தாச்சு' என்று இனி ஒருவர் மட்டும் சொல்லக் கூடாது, இரண்டு பேர் எதிர் எதிராக நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

வாண்டுக்குச் சொல்லிவிட்டாயா? உன் கடிதத்தில் அத்தானைப் பற்றி இருந்தது, அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பந்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே. இன்னொரு எண்பத்தொன்பது நாளைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை. அவளைச் சோதிக்க நான் வந்ததும் மூவருமாகப் போவோம். நாம் இரண்டு பேரும் அதே இயந்திரத்தில் தாடை வைத்தவர்கள் என்று தெரிந்தால் அவளுக்குப் பயம் குறையும்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பகல் பேருந்தில் வந்து இறங்குகிறேன். பேருந்து நிலையத்தில் நீ தனியாக வந்து நிற்காதே. நீ என் பக்கவாட்டில் நின்றால் எனக்குத் தெரியாது, நான் உன் பக்கவாட்டில் இறங்கினால் உனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு சாயங்காலம் வரை நிற்போம். வாண்டைக் கூட்டிக்கொண்டு வா. நான் எங்கே இறங்குவேன் என்று அவளிடம் சொல்லாதே, விரல் நீட்டிக் காட்டாதே. பேசாமல் நில். ஓரத்திலிருந்து நான் வரும்போது அவளாக "மாமா" என்று கூப்பிடுகிறாளா பார்ப்போம்.

தம்பி